ஒன்பதாம் போத்தலின் சம்மனசு

பட்டினி போட்டுப் பார்ப்பதும் ஒரு படிப்பு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அந்த வேலைக்குப் போயிருக்கவே மாட்டேன். யாரும் சொல்லவில்லை. கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை என்றுதான் சொன்னார்கள். ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில், கப்பல்கள் வந்து போகும் ஓர் ஊரில் இருந்த கடலாராய்ச்சிக் கூடம் அது. மூன்று வருடம் கழுவினேன், ஒரு பாத்திரமும் உடைக்கவில்லை. அந்த ஒரு தகுதியைப் பார்த்து என்னைக் குளிரறை வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள்.

குளிரறை என்றால், ஆள் உள்ளே நடமாடக்கூடிய அளவு பெரிய குளிர்சாதனப் பெட்டி. கோடையிலும் தொப்பியும் கையுறையும் தடித்த மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே ஒரு நீளமான தட்டில் இருபத்து நான்கு கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உயிர். வடதுருவத்துப் பனிக்கடலில் வலை போட்டுப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தவை. அவற்றுக்குத் தண்ணீர் மாற்றுவதும், வெப்பமானியைப் பார்த்து எழுதுவதும், செத்தது எது, இருப்பது எது என்று குறித்துவைப்பதும் என் வேலை.

அது ஒரு வகை நத்தை என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓடு இல்லை, ஊர்வதும் இல்லை. இது என்ன நத்தை? சுண்டு விரல் நீளம். உடம்பு முழுக்கக் கண்ணாடி. நடுவில் செம்மஞ்சளாய்க் குடல் தெரியும். கழுத்துக்குக் கீழே இரண்டு சின்னச் செட்டைகள். அவற்றை அடித்தடித்து, தலை மேலே இருக்க, நிமிர்ந்து நின்றபடி நீந்தும். குஞ்சாய் இருக்கும்போது ஓடு இருக்குமாம், சில நாட்களிலேயே அதைக் கழற்றிவிடுமாம். வெள்ளைக்காரர் இதைக் கடல் தேவதை என்று அழைத்தார்கள். கத்தோலிக்கரான எங்கள் வீட்டில் தேவதூதரைச் சம்மனசு என்போம். நானும் அப்படியே சம்மனசு என்று கூப்பிட்டேன்.

அந்தப் போத்தல்களின் சொந்தக்காரர் தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்திருந்த ஒரு தம்பி. முப்பதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். கடலைப் பற்றிப் படிக்கிறார், ஆனால் மீன் சாப்பிடமாட்டார். இந்த ஒன்றை வைத்தே நான் அவரை நாலு மாதம் பகிடி பண்ணினேன். மத்தியானத்தில் காய்ந்த பாணும் ஜாமும் தின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்க்கச் சகிக்காமல், என் சாப்பாட்டோடு அவருக்கும் ஒரு பெட்டி கட்டத் தொடங்கினேன். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ப்பால் விட்ட சொதி. "சொதின்னா என்னக்கா?" என்று முதல் நாள் கேட்டார். மூன்றாம் நாள், "சொதி இல்லையாக்கா?" என்று கேட்டார்.

அவர்தான் எனக்கு அந்த ஆராய்ச்சியை விளங்கப்படுத்தினார். சம்மனசு ஒரே ஒரு உயிரைத்தான் தின்னும். கடல் வண்ணத்துப்பூச்சி என்று ஒன்று உண்டு. அதுவும் நீந்தும் நத்தைதான், ஆனால் அதற்கு மெல்லிய ஓடு இருக்கும். அதைத் தவிர வேறு எதையும் சம்மனசு தொடாது.

"செத்தாலும் தொடாதுக்கா," என்றார். "ஆனா அந்தப் பூச்சி வருஷம் பூரா கெடைக்காது. கெடைக்காத காலத்துல இது எப்படி உயிரோட இருக்கு? அதான் என் கேள்வி."

"என்னெண்டு இருக்குது?"

"உடம்புல எண்ணெய் சேத்து வச்சிருக்கு. அத எரிக்கும். அதுக்கப்புறம் தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமா தின்னும். சின்னதாயிட்டே போகும்."

"அப்ப நீங்கள் இதுகளுக்குச் சாப்பாடே குடுக்கிறேல்லையோ?"

"இல்லக்கா. அதான் எக்ஸ்பெரிமென்ட்டே."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது சாகுற வரைக்கும்."

அது பாவம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அவருடைய நிலைமையும் எனக்குத் தெரியும். முந்தின வருடம் பிடித்து வந்தவை எல்லாம் குளிர் இயந்திரம் பழுதாகி ஒரே நாளில் செத்துவிட்டன. இது இரண்டாம் தடவை. உதவித்தொகை, விசா இரண்டும் வருடக் கடைசியோடு முடிகின்றன. "இதுவும் போச்சுன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்க்கா," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

புரட்டாதியில் தொடங்கிய பட்டினி. மார்கழி போயிற்று, தவக்காலம் வந்து போயிற்று. பாஸ்காப் பெருநாளுக்கு நாங்கள் வயிறு முட்டச் சாப்பிட்டோம். போத்தல்களில் ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் ஒவ்வொன்றையும் சிறு கண்ணாடித் தட்டில் எடுத்து, கோடு போட்ட தாளின் மேல் வைத்து நீளம் அளப்பார். ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் குறையும். அவருக்கு அது சந்தோஷம், எண்கள் ஒழுங்காக இறங்குகின்றனவாம். எனக்கு அந்த எண்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

நான் பசி பார்த்தவள். அகதியாய் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலத்துக்கு முன்பு, ஊரில் கடைகள் வெறுமையாய்க் கிடந்த நாட்கள் எனக்குத் தெரியும். அதை வைத்துக் கதை அளக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் காகத்துக்கு வைக்காமல், நாய்க்கு வைக்காமல் யாரும் சாப்பிட்டு எழுந்ததில்லை. சோறு கொஞ்சமாய் இருந்த நாளிலும் அப்படித்தான். பசியோடு ஓர் உயிர் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் சாப்பிட்டால் அந்தச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. குளிரறைக்குள் போகும்போதெல்லாம் வாய் தானாகக் கேட்டுவிடும்: "சாப்பிட்டாச்சோ?" பிறகு என்னையே திட்டிக்கொள்வேன்.

வைகாசி முடியும்போது பதினேழு மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்பதாம் இலக்கம்தான் மிகச் சின்னது. என் பெருவிரல் நகத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. மற்றவை நிமிர்ந்து நீந்த, இது அடியில் போய்க் கிடக்கும். நான் போத்தலைத் தொட்டால் இரண்டு தரம் செட்டையடித்து மேலே வரும், பிறகும் விழும். தண்ணீர் மாற்றும்போது கடைசியாய் அதைத்தான் எடுப்பேன். பார்க்காமல் மாற்றப் பழகியிருந்தேன்.

அந்த ஆனியில் உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் தொடங்கியது. கார்களில் எல்லாம் கொடி. அதே கிழமை கப்பல் ஒன்று புதிதாய்ப் பிடித்த சம்மனசுகளையும், அவற்றுக்குத் தீனியாக ஒரு வாளி கடல் வண்ணத்துப்பூச்சிகளையும் கொண்டுவந்தது. சாப்பாடு கொடுத்து வளர்க்கும் கூட்டம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. அவற்றைக் குளிரறையிலேயே எதிர்த் தட்டில் வைத்தார்கள். ஒரு பக்கம் ஒன்பது மாதப் பட்டினி, நாலு அடி தள்ளி விருந்து. இதை யோசித்து வைத்தவருக்கு நெஞ்சு எதனால் செய்தது என்று நினைத்தேன்.

முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு. மூன்று மணிக்கே கட்டடம் காலியாகிவிட்டது. தம்பியும் துறைமுகத்துப் பெரிய திரையில் பார்க்கப் போய்விட்டார். நான் தண்ணீர் மாற்ற நின்றேன். பதினாறு போத்தல் முடிந்தது. ஒன்பதை எடுத்தேன். அது அடியில் கிடந்தது. தொட்டேன், எழும்பவில்லை. இன்னொரு தரம் தொட்டேன். ஒரு செட்டை மட்டும் அசைந்தது.

செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். எதிர்த் தட்டுக்குப் போய், ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒரு வண்ணத்துப்பூச்சியை உறிஞ்சி எடுத்து, ஒன்பதாம் போத்தலில் விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி, மிளகை விடச் சற்றுப் பெரிய ஓட்டுக்குள்ளிருந்து இரண்டு கரிய செட்டைகளை நீட்டி அடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து சம்மனசின் மேல் உரசியது. அந்தக் கணத்தில் சம்மனசின் தலை பிளந்தது. உள்ளேயிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஆறு கைகள் பாய்ந்து வந்தன. சாகப்போகிறது என்று நான் நினைத்த அந்த நகத்தளவு உயிர் எழும்பி அந்த ஓட்டைக் கவ்விப் பிடித்தது. நான் "மாதாவே" என்று பின்னுக்குப் போய்த் தட்டில் இடித்துக்கொண்டேன். ஒன்பது மாதமாய் நான் பரிதாபப்பட்ட முகம் அது இல்லை.

ஓட்டைப் பிடித்து மெல்லத் திருப்பியது. வாய்ப் பக்கம் எது என்று தேடி, தன் வாயை அதற்கு நேரே கொண்டுவந்தது. பிறகு உள்ளேயிருந்த சதையைக் கொக்கி போட்டு இழுக்கத் தொடங்கியது. அரை மணி நேரம் இருக்கும். கால் விறைத்துவிட்டது, ஆனாலும் அசைய முடியவில்லை. கடைசியில் வெறும் ஓட்டைக் கைவிட்டது. அது சுழன்று சுழன்று அடியில் விழுந்தது. ஆறு கைகளும் உள்ளே போயின, தலை மூடிக்கொண்டது. திரும்பவும் சம்மனசு.

அப்போதுதான் வெளியே ஊர் முழுவதும் ஒன்றாகக் கத்தியது. ஜெர்மனி முதல் கோல் போட்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. கண்ணாடி உடம்புக்குள்ளே, நேற்றுவரை வெறுமையாய் இருந்த குடலில், ஒரு கறுப்புக் கட்டி அப்பட்டமாய்த் தெரிந்தது. ஒளிக்க வழியே இல்லை. தின்றதை வெளியே காட்டாத ஓர் உயிரை ஆண்டவர் எனக்குத் தந்திருக்கக் கூடாதா? அந்த வெறும் ஓட்டைக் குழாயால் எடுத்து, மூடியுள்ள ஒரு சின்னக் குப்பியில் போட்டு மேலங்கிப் பையில் வைத்தேன்.  

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் நான் மனுசியாய் இல்லை. என் வீட்டுக்காரர் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குக் கொலோன் போயிருந்தார். அது நல்லதாய்ப் போயிற்று, இருந்திருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பேன். சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். மத்தியானம், திங்களுக்குள் செரித்துவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைப்பேன். என் வேலை ஒப்பந்தமும் அந்த ஆனிக் கடைசியில்தான் முடிவதாய் இருந்தது, நீட்டுவார்களா என்பது இன்னும் தெரியாது. எனக்கு அதுவும் பயம்தான். பெரிய பயம், தம்பி பெட்டி கட்ட நேர்ந்துவிடுமோ என்பது.

திங்கட்கிழமை அளக்கும்போது நான் பக்கத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றாம் போத்தல், நாலாம் போத்தல், ஏழு. ஒன்பதை எடுத்தவர் நிறுத்தினார். திரும்ப அளந்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தார். அது நிமிர்ந்து அழகாய் நீந்திக்கொண்டிருந்தது. குடலில் கறுப்பு மங்கியிருந்ததே தவிரப் போகவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தம்பியின் பேராசிரியை வந்தார். உயரமான, சத்தம் போடாத மனுசி. சத்தம் போடாதவர்களுக்குத்தான் எனக்குப் பயம். தாளைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், எதிர்த் தட்டில் இருந்த புதிய சம்மனசுகளைப் பார்த்தார். "ஒன்பதாம் இலக்கம் செத்துப்போய், அதற்குப் பதிலாய்ப் புதியது ஒன்றை வைத்தீர்களா?" என்று கேட்டார்.

தம்பி இல்லை என்றார். பேராசிரியை தலையாட்டினார், நம்பவில்லை. புதன் காலை பத்து மணிக்கு என் அறையில் டெர்மின், எல்லாத் தாள்களையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கள்ளக் கணக்குக் காட்டினார் என்று முடிவானால் பட்டமும் இல்லை, விசாவும் இல்லை. அது எனக்கும் விளங்கியது. அப்போதும் நான் துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை அறையலாம் போல இருக்கிறது.

செவ்வாய் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அதைப் பார்த்தபடி இருந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, தண்ணி மாத்துறப்ப ஜாடி எதாச்சும் மாறிப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேனோன்னு தோணுது."

"போத்தல் ஒண்டும் மாறேல்லைத் தம்பி," என்றேன்.

அது பொய் இல்லை. பொய்யை விடக் கேவலம். அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்க, கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னேன். 

புதன்கிழமை பத்து மணிக்கு நான் கதவைத் தட்டினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உள்ளே மேசைக்கு ஒரு பக்கம் பேராசிரியை, மறுபக்கம் தாள்களோடு தம்பி. பாத்திரம் கழுவும் உடுப்போடு நான் போய் நின்று, குப்பியை மேசையில் வைத்தேன். அதற்குள் அந்தச் சின்ன ஓடு தண்ணீரில் புரண்டது.

"நான்தான் சாப்பாடு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை. ஒன்பதுக்கு மட்டும்," என்றேன். இருபது வருடமாய்ப் பேசிய ஜெர்மன் மொழியில் அந்த நேரம் அவ்வளவுதான் வாயில் வந்தது.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏன்?"

"அதற்குப் பசித்தது."

"அதற்குப் பசி என்று ஒன்று இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றேன். கோபத்தில் சொன்னேனா, அழுதுகொண்டு சொன்னேனா, ஞாபகம் இல்லை.

"ஒன்பதுக்கு மட்டும்தான் என்று நான் எப்படி நம்புவது?"

 தம்பிதான் மெல்லிய குரலில் சொன்னார்: "உள்ளே பார்க்கலாம்." மூவரும் மேலங்கி போட்டுக்கொண்டு குளிரறைக்குப் போனோம். பேராசிரியை சிறு விளக்கை ஒவ்வொரு போத்தலின் பின்னாலும் பிடித்து, கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தார். ஒன்று. வெறுமை. நாலு. வெறுமை. ஏழில் ஏதோ நிழல் மாதிரி இருந்தது, போத்தலைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். தம்பி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கண்ணாடியில் படிந்த நீராவி அது. துடைத்துவிட்டுப் பார்த்தார், வெறுமை. இப்படிப் பதினாறு. எதை ஒளிக்க முடியாது என்று நான் சபித்தேனோ, அந்தக் கண்ணாடி உடம்புதான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது.

ஒன்பதாம் இலக்கத்தைத் தாளில் கோடு போட்டு வெட்டினார்கள். மற்றப் பதினாறோடு ஆராய்ச்சி தொடரலாம் என்று பேராசிரியை சொன்னார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். குளிரறைச் சாவியைக் கொடுத்தேன். பாத்திரம் கழுவும் வேலையை மட்டும் நீட்டித் தந்தார்கள்.

தம்பி என்னோடு பேசவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை, "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். அடுத்த நாள் பெட்டியை நீட்டினேன். "வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாண் துண்டை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் என் மேசைப் பக்கம் வரவில்லை. நானும் விடவில்லை. தினமும் இரண்டு பெட்டி கட்டினேன், ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் இரவில் ஆறிய புட்டைத் தின்று தின்று அலுத்துப்போனார்.

குளிரறையில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வார் இல்லை. ஆனால் ஒவ்வொன்று சாகும்போதும் அதன் போத்தல் கழுவ வரும். இலக்கம் ஒட்டியபடி. ஆடியில் ஏழாம், இருபதாம் இலக்கங்கள் வந்தன. ஆவணியில் ஐந்து போத்தல்கள். புரட்டாதிக் கடைசியில் ஒன்று, நாலு, பதினொன்று. ஒவ்வொன்றையும் கழுவி, கணக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பது வரவேயில்லை. அதை அன்றைக்கே ஊற்றியிருப்பார்கள், போத்தலைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், அந்தப் பதினாறில் கடைசிப் போத்தலும் வந்தது. இந்தத் தடவை அதைத் தம்பியே கையில் கொண்டுவந்தார். கழுவும் தொட்டி ஓரத்தில் வைத்தார். மெலிந்துபோயிருந்தார்.

"முடிஞ்சிருச்சுக்கா. ஒரு வருஷத்துக்கு மேல சாப்பாடே இல்லாம இருந்திருக்கு. புரொஃபசர் எழுத ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க."

"அப்ப பெட்டி கட்டத் தேவையில்லை," என்றேன்.

"தேவையில்லக்கா."

பிறகு ஒரு மேலங்கியையும் கையுறையையும் என் பக்கம் நீட்டினார். "வாங்க," என்றார். அவர் சாவியால் குளிரறையைத் திறந்தார். நீளத் தட்டு வெறுமையாய்க் கிடந்தது. மூலையில், ஒரு தனிப் போத்தலில், என் சுண்டு விரலை விட நீளமான ஒரு சம்மனசு நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. குடலில் கறுப்பு. போத்தலின் அடியில் இரண்டு வெறும் ஓடுகள். இலக்கத்தைப் பார்த்தேன். ஒன்பது.

"கணக்குலதான் இல்லையே," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "அதான், கப்பல் வர்றப்பல்லாம் நானே தீனி போட்டேன்."

 கண்ணீர் அந்தக் குளிரில் கன்னத்தைச் சுட்டது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மேலங்கியைக் கழற்றும்போது கேட்டார்:

"இன்னைக்கும் ரெண்டு டப்பாதானேக்கா கொண்டாந்தீங்க?"

"ஓம்."

"பசிக்குதுக்கா," என்றார்.